எரிச்சே: சிசிலியின் மலையுச்சி ஊரைப் பார்க்க முழுமையான வழிகாட்டி

சிசிலித் தீவின் மேற்குக் கோடியில் டிராப்பனி என்றொரு துறைமுக நகரம். அதற்குப் பின்னால் சட்டென்று எழும்பி நிற்கும் மலையின் உச்சியில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 750 மீட்டர் உயரத்தில், மதிலுக்குள் அடங்கிய சின்ன ஊர் எரிச்சே. வருகிறவர்களில் பெரும்பாலோர் காலையில் ரோப் காரில் ஏறி, கோட்டையை ஒரு சுற்று சுற்றி, ஓர் இனிப்பு வாங்கித் தின்றுவிட்டு மாலைக்குள் இறங்கிவிடுகிறார்கள். அப்படிப் பார்ப்பது எரிச்சேயைப் பாதி பார்த்ததுதான். ஓர் இரவு மேலே தங்குங்கள் என்பதுதான் என் ஒரே வேண்டுகோள். கீழே சொல்லியிருக்கும் திட்டம் முழுவதும் அதை வைத்தே போட்டது.

போவதற்கு முன் கொஞ்சம் வரலாறு

இந்த மலையில் பார்க்க வேண்டியவை பலவும் இடிபாடுகளும் வெறும் சுவர்களும்தான். பின்கதை தெரியாமல் போனால் அவை வெறும் கல்லாகத்தான் தெரியும்.

மலையில் முதலில் ஊர் அமைத்தவர்கள் எலிமியர்கள். கிரேக்கர்கள் சிசிலிக்கு வருவதற்கு முன்பே தீவின் மேற்கே வாழ்ந்தவர்கள். உச்சியின் ஒரு முனையில் தனியாகத் துருத்திக்கொண்டிருக்கும் பாறையில் ஒரு பெண் தெய்வத்தின் கோயில் இருந்தது. கிழக்கு மத்தியதரைக் கடற்கரையிலிருந்து வந்த வணிகர்களான ஃபினீசியர்கள் அந்தத் தெய்வத்தை அஸ்டார்டே என்றார்கள், கிரேக்கர்கள் அஃப்ரோடைட்டி என்றார்கள், ரோமானியர்கள் வீனஸ் என்றார்கள். ஆட்சி மாறியபோதெல்லாம் பெயர் மாறியதே தவிர வழிபாடு நிற்கவில்லை. கார்த்தேஜின் தளபதி ஹானிபலிடம் இத்தாலியின் திராசிமீன் ஏரிக்கரையில் தோற்ற பிறகு, ரோமானியர்கள் இந்த எரிச்சே வீனஸுக்குத் தங்கள் தலைநகரிலேயே, காப்பிடோலியக் குன்றின் மேல், கி.மு. 215-ல் ஒரு கோயில் எடுத்தார்கள்.

கோயிலின் செல்வத்தைப் பற்றி கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் ஒரு செய்தி சொல்கிறார். பக்கத்து ஊரான செகெஸ்டாவுக்கு ஏதென்ஸின் படை உதவி தேவைப்பட்டது. செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று பார்க்க ஏதென்ஸிலிருந்து தூதர்கள் வந்தார்கள். செகெஸ்டாக்காரர்கள் அவர்களை இந்த மலைக்கு அழைத்து வந்து, கோயிலில் காணிக்கையாகக் குவிந்திருந்த கிண்ணங்கள், கரண்டிகள், தூபக்கலசங்கள் எல்லாவற்றையும் காட்டினார்கள். எல்லாம் வெள்ளி. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தாலும் மதிப்பு குறைவு. அப்புறம் வீட்டுக்கு வீடு விருந்து. ஊரில் உள்ள பொன், வெள்ளிக் கோப்பைகளோடு அக்கம்பக்கத்து நகரங்களிலிருந்து இரவல் வாங்கியவற்றையும் சேர்த்து, அதே பாத்திரங்களை ஒவ்வொரு விருந்திலும் மாற்றி மாற்றி வைத்தார்கள். தூதர்கள் மயங்கிப் போனார்கள். கி.மு. 415-ல் ஏதென்ஸ் தன் பெரும்படையை சிசிலிக்கு அனுப்பியது. இரண்டு ஆண்டுகளில் அந்தப் படை அழிந்தது. அந்தக் கோயில் இருந்த இடத்தில் இப்போது இருப்பது கோட்டை. அதற்குள் நிற்கும்போது இதை நினைத்துப் பாருங்கள்.

பிறகு ரோமும் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜும் இந்த மலைக்காக மோதின. ஹானிபலின் தந்தை ஹமில்கார் பார்கா எரிச்சே நகரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, மேலே உச்சியிலும் கீழே அடிவாரத்திலும் ரோமானியர்கள் இருக்க, இடையில் நின்று போரிட்டார். கி.மு. 241-ல் எதிரே தெரியும் எகாடி தீவுகளுக்கு அருகே நடந்த கடற்போரில் ரோம் வென்றது. முதல் பியூனிக் போர் அத்தோடு முடிந்தது. வடக்கு பிரான்ஸிலிருந்து நார்மன்கள் வந்த பிறகு ஊரின் பெயர் மோன்தே சான் ஜூலியானோ என்றானது. பழைய பெயர் திரும்பியது 1934-ல்தான்.

எப்போது போகலாம்

ஏப்ரல் முதல் ஜூன் வரை, அல்லது செப்டம்பர், அக்டோபர். ஆகஸ்டில் இத்தாலியே விடுமுறையில் இருக்கும். கீழே டிராப்பனியில் வெயில் கொளுத்தும்போது மேலே நல்ல குளிர்ச்சி என்பதால் கூட்டம் மலையேறிவிடும். குளிர்காலத்தில் பல கடைகள் மூடியிருக்கும். ரோப் காரையும் ஆண்டுத் தொடக்கத்தில் சில மாதங்கள் நிறுத்திவிடுவது வழக்கம். கிறிஸ்துமஸ் சமயம் மட்டும் விதிவிலக்கு. அப்போது சந்துகளிலெல்லாம் குடில்கள் வைத்து ஊர் களைகட்டியிருக்கும்.

புனித வெள்ளியன்று போக முடிந்தால் அதற்கு ஈடில்லை. கிறிஸ்துவின் பாடுகளைச் சித்திரிக்கும் சிலைகளைத் தோளில் சுமந்து எரிச்சேயின் சந்துகளில் ஊர்வலம் போவார்கள். கீழே டிராப்பனியில் அதே நாள் பிற்பகலில் தொடங்கும் பெரிய ஊர்வலம் மறுநாள் வரை நீளும். அறையை மாதக்கணக்கில் முன்னதாகவே பிடித்துவிட வேண்டும்.

இன்னொன்று. இந்த மலைச்சாலையில் கார் பந்தயம் நடப்பதுண்டு. அந்த நாட்களில் சாலையை மூடிவிடுவார்கள். காரில் போகிறவர்கள் தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மேகத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பயணத்தை ரத்து செய்கிறவர்களில் பலர் இதனால்தான் ரத்து செய்கிறார்கள். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இந்தத் தனி மலையில் மோதி மேலேறும்போது குளிர்ந்து மேகமாகிறது. அதனால் டிராப்பனியில் பளிச்சென்று வெயில் அடிக்கும்போதே, மலையுச்சி மட்டும் வெள்ளைத் துணி போர்த்தியதுபோல் இருக்கும். ஊர்க்காரர்கள் இதை வீனஸின் முத்தம் என்கிறார்கள்.

ஒரே பகலுக்காக வந்தவருக்கு இது நஷ்டம்தான், காட்சி எதுவும் தெரியாது. ஆனால் ஓர் இரவு தங்குகிறவருக்கு மேகம் வருவதும் கலைவதும் ஊரைப் பார்ப்பதில் ஒரு பகுதி. மேகம் மூடியிருக்கும்போது தேவாலயங்களையும் அருங்காட்சியகத்தையும் சந்துகளையும் பாருங்கள். கலைந்த உடனே கோபுரத்துக்கோ மதிலோரத்துக்கோ போய்விடுங்கள். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டால் போதும்.

அறை பிடிக்கும்போது கவனம்

தங்குமிடம் தேடும் செயலிகளில் எரிச்சே என்று போட்டால் பாதி விடுதிகள் மலையடிவாரத்தைக் காட்டும். காரணம், டிராப்பனியை ஒட்டியுள்ள காசா சாந்தா என்ற பகுதியும் நிர்வாகப்படி எரிச்சே நகராட்சிக்குள்தான் வருகிறது. நகராட்சியின் மக்களில் மிகப் பெரும்பான்மையோர் அங்கேதான் இருக்கிறார்கள். மேலே பழைய ஊரில் ஆண்டு முழுக்க வாழ்கிறவர்கள் சில நூறு பேர்தான். எனவே வரைபடத்தைத் திறந்து, விடுதி மதிலுக்குள் இருக்கிறதா, போர்ட்டா டிராப்பனி என்ற வாசலிலிருந்து நடக்கும் தூரம்தானா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

பெரிய சக்கரப் பெட்டியை மேலே கொண்டுபோகாதீர்கள். ஊருக்குள் வண்டிப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, தெருவெல்லாம் ஏற்ற இறக்கமான கல்பாவிய தரை. ஓர் இரவுக்கு வேண்டியதை முதுகுப்பையில் வைத்துக்கொண்டு, பெட்டியை டிராப்பனி விடுதியில் விட்டுவிட்டுப் போவது நல்லது. மே மாதமானாலும் ஒரு ஸ்வெட்டரும் காற்றைத் தடுக்கும் மேலாடையும் அவசியம். செருப்பு வேண்டாம், வழுக்காத அடிப்பாகம் உள்ள ஷூ போடுங்கள். காலங்காலமாகத் தேய்ந்த கல், மேகத்தில் நனைந்தால் சோப்பு தேய்த்ததுபோல் வழுக்கும்.

டிராப்பனி வரை

இந்தியர்களுக்கும் இலங்கையருக்கும் ஷெங்கன் விசா தேவை. ரோம் அல்லது மிலன் வழியாகப் பலெர்மோவுக்குப் பறப்பது பொதுவான வழி. பலெர்மோவிலிருந்து டிராப்பனிக்குப் பேருந்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். டிராப்பனிக்குத் தெற்கே பிர்ஜியில் சிறிய விமான நிலையம் உண்டு. இத்தாலியின் சில நகரங்களிலிருந்து மலிவுக் கட்டண விமானங்கள் அங்கே நேரடியாக வருகின்றன. முதல் நாள் மாலை டிராப்பனியில் இறங்கி, இரவு அங்கே தூங்கிவிட்டு மறுநாள் மலையேறினால் அலைச்சல் இருக்காது.

மலைக்கு ஏறுதல்

மூன்று வழிகள். ரோப் கார், பேருந்து, சொந்த வண்டி. ஏறும்போது ரோப் கார், இறங்கும்போது எது கிடைக்கிறதோ அது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரோப் காரின் கீழ் நிலையம் டிராப்பனி பழைய நகரத்திலிருந்து தள்ளி இருக்கிறது, நடக்க முடியாது. நகரப் பேருந்தில் போய் இறங்கலாம். ஏறியதிலிருந்து பத்து நிமிடத்துக்குள் உச்சி. வலப்பக்கம், இடப்பக்கம் என்று யோசிக்க வேண்டாம், வந்த திசையைத் திரும்பிப் பாருங்கள். டிராப்பனி நகரம் அரிவாள்போல் கடலுக்குள் வளைந்து நீள்வதும், அதன் தெற்கே உப்பளங்களின் கட்டங்களும், கடலில் ஃபாவின்யானா, லெவான்சோ, மரெத்திமோ என்ற மூன்று எகாடி தீவுகளும் ஒவ்வொன்றாக விரியும்.

இரண்டு விஷயங்களை மறக்காதீர்கள். காற்று பலமாக வீசினால் ரோப் காரை நிறுத்திவிடுவார்கள். திங்கட்கிழமை காலைகளில் பராமரிப்புக்காக ஓடாது. அப்படிப்பட்ட நேரங்களில் டிராப்பனியிலிருந்து புறப்படும் பேருந்துதான் கை கொடுக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் முக்கால் மணி நேரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்துகள் குறைவு என்பதால் நேர அட்டவணையை முன்பே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காரில் வந்தால் வாசலுக்கு வெளியே நீலக்கோடு போட்ட இடத்தில் கட்டணம் செலுத்தி நிறுத்த வேண்டும். மதிலுக்குள் ஓட்டிப் போனால் கேமராவில் பதிவாகி அபராதம் வரக்கூடும்.

பகல் கூட்டம் காலையிலேயே ஏறிவிடும். நீங்கள் தங்கப்போகிறவர், அவசரமில்லை. மதியம் இரண்டு மணிக்குமேல் ஏறுங்கள். நீங்கள் அறைக்குப் போய்ப் பையை வைத்துவிட்டு வெளியே வரும்போது கூட்டம் கீழே இறங்கத் தொடங்கியிருக்கும்.

முதல் நாள் பிற்பகல்: கடைத்தெருவை விட்டு விலகி நடங்கள்

போர்ட்டா டிராப்பனி வழியாக உள்ளே நுழைந்தால் நேர் எதிரே ஏறுவது விட்டோரியோ இமானுவேலே தெரு. எல்லோரும் அதில்தான் ஏறுவார்கள். நீங்கள் முதலில் இடப்பக்கம் திரும்புங்கள். சில அடிகளில் ஊரின் பெரிய தேவாலயம், 14-ஆம் நூற்றாண்டில் அரகோன் வம்சத்து மன்னர் மூன்றாம் ஃபிரெடெரிக் காலத்தில் எழுந்தது. பக்கத்தில் ஒட்டாமல் தனியாக நிற்கும் மணிக்கோபுரம் முதலில் காவல் கோபுரமாக இருந்தது. உயரம் 28 மீட்டர். குறுகலான வளைபடிகள் நூறைத் தாண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் விட்டுவிடலாம், வேறு இடங்களிலும் காட்சி கிடைக்கும். வானம் தெளிவாக இருந்தால் மற்றவர்கள் உடனே ஏறிவிடுங்கள். முன்மண்டபத்தைத் தாண்டி உள்ளே போனால் 19-ஆம் நூற்றாண்டில் புதுப்பித்த வெண்சுதை வேலைப்பாடு, கூரை முழுக்க லேஸ் பின்னியதுபோல் இருக்கும். பல தேவாலயங்களுக்கும் கோபுரத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் இங்கேயே வாங்கலாம்.

அங்கிருந்து மதிலை ஒட்டியே வடக்கே நடங்கள். என்னைக் கேட்டால் எரிச்சேயில் மிக முக்கியமான இடம் இதுதான், ஆனால் ஆள் நடமாட்டம் மிகக் குறைவு. மதிலின் அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள். ஒரு மனிதன் தூக்க முடியாத பெரிய, முரடான பாறைத் துண்டுகள், சாந்து இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. அது எலிமியர் காலம். அதற்கு மேலே அளவாக வெட்டிய கல், அதற்கும் மேலே இன்னும் சிறிய கற்கள். பின்வந்தவர்கள் ஒவ்வொருவரும் முன்னவர் விட்ட இடத்திலிருந்து கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். சில கற்களில் ஃபினீசிய எழுத்துகள் செதுக்கியிருக்கின்றன. போர்ட்டா கார்மினே, போர்ட்டா ஸ்பாதா என்று மற்ற இரண்டு வாசல்களும் இந்த வழியில்தான்.

வடக்கு முனையில் ஸ்பானியக் குடியிருப்பு என்று ஒரு கட்டடம். ஸ்பானிய ஆட்சியில் படைவீரர்களைத் தங்கவைக்கத் தொடங்கி, முடிக்காமலே விட்டது. கீழே வால்தெரிச்சே சமவெளி, அதைத் தாண்டிக் கடலுக்குள் கூம்பாக நிற்கும் மோன்தே கோஃபானோ மலை. மாலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டிய திசை இது.

திரும்பி ஊருக்குள் வரும்போது வரைபடத்தைப் பையில் போட்டுவிடுங்கள். ஊர் முக்கோண வடிவம், எந்தப் பக்கம் போனாலும் மதிலில் போய் முட்டும், தொலைந்துபோக வழியில்லை. கால் வைக்கும் தரையைக் கவனியுங்கள். நீளமான கற்பலகைகளால் சதுரக் கட்டங்கள் போட்டு, உள்ளே சிறுகற்களை நெருக்கி நிரப்பியிருக்கிறார்கள். வீடுகளின் வெளிச்சுவர் மொட்டையாக, ஜன்னல் குறைவாக இருக்கும். கதவு திறந்திருந்தால் உள்ளே முற்றம் தெரியும். கிணறு, வெளிப்படிக்கட்டு, பூந்தொட்டிகள். குளிர்காற்றுக்கு முதுகைக் காட்டி, வாழ்க்கையை முற்றத்துக்குள் வைத்துக்கொண்ட கட்டட முறை இது. வாசலில் நின்று பார்க்கலாம், அழைக்காமல் உள்ளே போகாதீர்கள். அவை மக்கள் வாழும் வீடுகள்.

ஊருக்குள் கோர்திச்சி அருங்காட்சியகம் இருக்கிறது. நேரம் குறைவாக இருந்தாலும் அந்தோனெல்லோ காஜினி 1525-ல் செதுக்கிய பளிங்குச் சிற்பத்தை மட்டுமாவது பார்த்துவிடுங்கள். வானதூதர் கன்னி மரியாளுக்குச் செய்தி சொல்லும் காட்சி அது.

அறிவியலில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஊரின் பழைய மடங்களில் எத்தோரே மயோரானா அறிவியல் மையம் 1960-களிலிருந்து இயங்குகிறது. 1938-ல் மாயமாய் மறைந்துபோன சிசிலிய இயற்பியலாளரின் பெயர் அது. 1982-ல் இயற்பியலாளர்கள் பால் டிராக், பியோத்தர் கபிட்சா, அந்தோனினோ சிகிகி மூவரும் எழுதிய எரிச்சே அறிக்கை, அறிவியல் ஆய்வில் ரகசியம் கூடாது என்று கேட்டது. அணு ஆயுதப் போட்டி உச்சத்தில் இருந்த நேரத்தில், துறவிகள் வாழ்ந்த சுவர்களுக்குள் உலக விஞ்ஞானிகள் கூடிப் பேசினார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

சாப்பாடு

சைவமா, அசைவமா என்பதைப் பொறுத்து இந்தப் பகுதியைப் படியுங்கள். கடலோர மேற்குச் சிசிலியில் வட ஆப்பிரிக்காவின் சுவடு சாப்பாட்டில்தான் அதிகம். மீன் குழம்போடு தரும் குஸ்குஸ் இந்த வட்டாரத்தின் பெருமை. சைவர்கள் டிராப்பனி பெஸ்தோ போட்ட புசியாத்தே கேளுங்கள். கம்பியில் சுற்றி முறுக்கிய பாஸ்தா, அதில் பாதாம், தக்காளி, பூண்டு, துளசி இனத்து இலை சேர்த்து இடித்த விழுது. பூண்டு நன்றாகத் தூக்கலாக இருக்கும், நம் நாக்குக்குச் சட்டென்று பிடித்துவிடும். பானே குன்சாத்தோ என்ற ரொட்டியில் நெத்திலி வைப்பார்கள், வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பில்லில் தலைக்கு இவ்வளவு என்று கோப்பெர்த்தோ கட்டணம் இருக்கும், அது அங்கே வழக்கம்.

எரிச்சேயின் இனிப்புகள் மடங்களில் பிறந்தவை. வெளியுலகைப் பார்க்காத கன்னியாஸ்திரிகள் பாதாமையும் சர்க்கரையையும் வைத்துச் செய்து விற்றவை. சான் கார்லோ மடத்தின் அநாதை இல்லத்தில் சிறுமியாக வளர்ந்து, அங்கேயே தொழிலைக் கற்றுக்கொண்ட மரியா கிராமாத்திகோ பிறகு வெளியே வந்து நடத்திய கடை விட்டோரியோ இமானுவேலே தெருவில் இருக்கிறது. அந்தச் செய்முறைகள் மடத்தோடு அழிந்துபோகாமல் தப்பியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

கேட்க வேண்டியது ஜெனோவேசே. உள்ளங்கை அளவு வட்டம், மேலே பொடித்த சர்க்கரை. சூடாகத்தான் வாங்க வேண்டும், ஆறியது வேண்டவே வேண்டாம். கடித்ததும் மாவு உதிரும், உள்ளே கொதிக்கும் கஸ்டர்ட் வழியும். முதல் கடியைச் சின்னதாக வையுங்கள், இல்லையென்றால் நாக்கு சுட்டுவிடும். சைவர்கள் கவனிக்க: கஸ்டர்டில் முட்டை உண்டு. சிசிலிய இனிப்பு மாவுகளில் ஸ்த்ருத்தோ என்ற பன்றிக் கொழுப்பு சேர்ப்பதும் வழக்கம். இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பாதாம் மாவில் பழம்போல் உருட்டி வண்ணம் தீட்டிய மார்த்தோரானா இனிப்பில் பாதாமும் சர்க்கரையும்தான் பிரதானம்.

இரவு

கடைசி ரோப் கார் போன பிறகு ஊர் வேறு மாதிரி ஆகிவிடும். திட்டம் எதுவும் வேண்டாம். சாப்பிட்டுவிட்டு பெரிய தேவாலயம் வரை நடங்கள், மதிலோரம் நின்று கீழே டிராப்பனியின் விளக்குகளைப் பாருங்கள். மேகம் இறங்கினால் தெருவிளக்கைச் சுற்றி அது நகர்வது தெரியும். உணவகங்கள் சீக்கிரம் மூடும், குறிப்பாகக் கூட்டம் இல்லாத மாதங்களில். இரவுச் சாப்பாட்டுக்கு மாலையிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.

இரண்டாம் நாள் காலை: கோட்டை

கோட்டையைக் காலையில் திறந்தவுடன் பார்க்க வேண்டும், அதனால்தான் முதல் நாள் விட்டு வைத்தோம். பாலியோ தோட்டத்தின் வழியாகப் போங்கள். நார்மன் ஆளுநரின் பழைய கோபுரங்களைச் சுற்றி 19-ஆம் நூற்றாண்டில் கவுண்ட் அகொஸ்தீனோ பெபோலி அமைத்த தோட்டம் அது. கீழே சரிவில் ஒட்டிக்கொண்டு நிற்கும் சின்னக் கோபுர மாளிகையும் அவர் கட்டியதே.

தோட்டத்தைத் தாண்டினால் தனிப்பாறை மேல் வீனஸ் கோட்டை. 12-ஆம் நூற்றாண்டில் நார்மன்கள் கோயில் இருந்த இடத்திலேயே, கோயிலின் கற்களையும் எடுத்துக் கட்டியது. தூண்களோ கருவறையோ எதிர்பார்த்துப் போகாதீர்கள். வீனஸின் கிணறு என்று சொல்லப்படும் பள்ளம், சில அடித்தளங்கள், சுவரில் செருகிய பழைய கற்கள், அவ்வளவுதான். ஆனால் ஓரத்துக்குப் போய் நின்றால் ஏன் இங்கே கோயில் கட்டினார்கள் என்பது விளங்கிவிடும். மூன்று பக்கமும் செங்குத்துச் சரிவு, எதிரே கடல். தெளிவான நாளில் துனிசியாவின் போன் முனை வரை தெரியும் என்பார்கள்.

அந்தத் திசைக்கும் கோயிலுக்கும் உறவு உண்டு. ஆண்டுக்கொருமுறை தெய்வம் ஆப்பிரிக்கக் கரைக்குப் போவதாக நம்பினார்கள். அப்போது கோயில் புறாக்கள் எல்லாம் மறைந்துவிடுமாம். ஒன்பது நாள் கழித்து முதலில் ஒரு புறா மட்டும் கடல் தாண்டி வரும், பின்னாலேயே கூட்டம் வரும், ஊர் முழுக்க விருந்து. ரோமானியர் காலத்து நூல்களில் பதிவான செய்தி இது.

இறங்கிய பிறகு

மதியத்துக்கு முன் இறங்கினால் அரை நாள் கையில் இருக்கும். என் தேர்வு நூபியா பக்கத்து உப்பளங்கள். காற்றாலைகளும் உப்புக் குவியல்களும், நேற்று நின்ற மலையும் ஒரே பார்வையில் கிடைக்கும். கூடுதலாக ஒரு நாள் இருந்தால் செகெஸ்டா போங்கள். தூதர்களை ஏமாற்றிய அதே ஊர்க்காரர்கள் தொடங்கி முடிக்காமல் விட்ட டோரிக் கோயில், கூரை இல்லாமல் வயல்வெளியில் நிற்கிறது. கடல் வேண்டுமென்றால் டிராப்பனி துறைமுகத்திலிருந்து ஃபாவின்யானாவுக்கு அதிவேகப் படகு உண்டு.

ஊருக்கு எடுத்துப்போக இனிப்பு வாங்குகிறவர்கள் பாதாம் வகைகளை மட்டும் வாங்குங்கள். அவை நாட்கணக்கில் கெடாது. மார்த்தோரானாவைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், பெட்டிக்குள் போட்டால் நசுங்கிவிடும். ஜெனோவேசேயை மலையிலேயே, கடை வாசலில் நின்றே தின்றுவிட வேண்டும்.